மாமியாரின் அச்சமும் தட்டம்மை ஊசியும்

வணக்கம் சகோதரி. 2008ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் குழந்தைகள் இறந்ததைச் சொல்லி, பத்து மாதக் குழந்தைக்கு அரசு ஊசியே வேண்டாமென்று உங்கள் மாமியார் தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது வதந்தியன்று. அந்த ஏப்ரலில் நான்கு குழந்தைகள் உண்மையிலேயே இறந்தன. முதலில் அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துப் பெற்றோர் பலர் அஞ்சியதற்கும், அவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல முன்கூட்டியே ஆளில்லாமற்போனதே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே அவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். குப்பியின் மேலுள்ள வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும்; அது வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து கெடவில்லை, வெப்பம் பட்டிருந்தால் கருத்துவிடும். அதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். இந்த மருந்து பொடியாக வரும்; அதைக் கரைத்த நேரம் குப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா, நான்கு மணி நேரம் கடந்துவிடவில்லையா என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். ஒரு வாரம் கழித்து இலேசான காய்ச்சலோ தடிப்போ வரக்கூடும் என்பதையும் மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே புதிய அச்சமாகிவிடும்.

முதல் தவணைக்குரிய ஒன்பது மாதம் கடந்துவிட்டது; தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய்விடக்கூடிய நோய். இந்த வாரமே செல்லுங்கள்.