ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் அந்த மண்ணுக்கே உரிய சாப்பாடு என்ன? என்ன வாங்கி வரலாம், எதை வீட்டில் செய்யலாம்?

ஆனி மாதம் குடும்பத்தோடு மூன்று நாள் போகப் போவதாகவும், போய் வந்தவர்கள் "கோயில் வாசலில் இட்லி, தோசை, பொங்கல்தான்" என்று சொன்னதாகவும் கேள்வியில் இருக்கிறது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் யாத்திரை வருபவர்களுக்கான சைவச் சாப்பாடுதான் பெரும்பாலும். தங்கச்சிமடம், பாம்பன், பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம், பிறகு கீழக்கரை, ஏர்வாடி என்று நகர்ந்தால்தான் கரையோரச் சமையல் கண்ணில் படும். அதிலும் பாதி கடைகளில் இருக்காது, வீட்டு அடுப்பில்தான் இருக்கும். ஆகவே நல்ல சரக்காகப் பார்த்து வாங்கிவந்து ஊரில் சமைப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் மீன். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறும் கடற்புல்லும். தென்கடலில் பவளப் பாறை. வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தென்கடல் முரட்டுத்தனம் காட்டும், வடகடல் அடங்கிக் கிடக்கும். நீங்கள் போகும் நேரத்தில் கூடையில் அதிகம் கிடப்பது வடகடல் சரக்கு: காரல், ஓரா, கணவாய், நீலக்கால் நண்டு, இறால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆனி அது முடிந்த கையோடு வருகிறது, நல்ல நேரம்தான். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. நாட்டுப்படகு மீன் அளவில் கொஞ்சம், ஆனால் ஐஸில் கிடந்த நேரம் குறைவு. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. தென்மாவட்டக் கரையில் சீலா என்றால் வஞ்சிரம். சென்னையில் சீலா என்று விற்கும் மீன் இங்கே ஊளி. பெயரைச் சொல்லி விலை கேட்காமல் மீனைக் காட்டிக் கேட்பது நல்லது.

ஓரா மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் தவறவிடும் மீன் அது. கடற்பாசியும் புல்லும் தின்று வளர்வது. குடலோடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் பாசி நாற்றமும் கசப்பும் சதையில் ஏறிவிடும். "ஓராவா, வாடை அடிக்குமே" என்று சொல்பவர்கள் தாமதமாகச் சுத்தம் செய்த மீனைச் சாப்பிட்டவர்கள். வாங்கிய இடத்திலேயே குடலை எடுக்கச் சொல்லுங்கள், வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் தேய்த்து எடுக்க வேண்டும். துடுப்பு முட்களில் விஷம் உண்டு. குத்தினால் ஆள் சாகமாட்டார், ஆனால் சில மணி நேரம் கை கடுக்கும். கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கியபின் தொடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்தால் கடுப்பு தணியும்.

இதைக் குழம்பு வைக்கும் முறை எளிது. கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்பார்கள், கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். ஒரு கிலோ மீனுக்கு முண்டு வத்தல் (உருண்டை மிளகாய் வத்தல்) 12, மல்லி 3 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. இவற்றை லேசாக வறுத்து மையாக அரைக்கவும். புளி 50 கிராம், 600 மில்லி தண்ணீரில் கரைத்தது. சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 2. இவற்றை எல்லாம் மஞ்சள், உப்போடு மண்சட்டியில் பச்சையாகவே கூட்டிக் கையால் பிசைந்து அடுப்பில் ஏற்றுங்கள், முதலில் வதக்க வேண்டாம். 15 நிமிடம் கொதித்துப் பச்சை வாடை போனபின் அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றி, மறுபடி ஒரு கொதி வந்ததும் மீனைப் போடுங்கள். கொதிக்காத குழம்பில் போட்ட மீன் உடையும். போட்டபின் கரண்டி வேண்டாம், சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். 7, 8 நிமிடத்தில் இறக்கி, நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டவும். தேங்காயை முதலிலேயே ஊற்றிக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும், புளிப்பும் மங்கிப் போகும். இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டுச் சாப்பிட்டால்தான் மீனில் புளி இறங்கும்.

இதில் முண்டு வத்தலுக்குப் பதில் கடை மிளகாய்த் தூள் போட்டால் அது வேறு குழம்பு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டை, தடித்த தோல், நிறம் கருஞ்சிவப்பு. காரம் நாக்கில் குத்தாமல் நின்று ஏறும். மானாவாரியாக மழையை நம்பி விதைத்து, மாசி தொடங்கிப் பறிப்பார்கள். ஆனியில் போனால் அந்த வருடத்துப் புது வத்தல் கிடைக்கும். ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்குங்கள். விதை கலகலவென்று ஆடினால் காய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் தோல் போல வளைந்தால் ஈரம் இருக்கிறது, எடையும் கூடும், வீட்டில் பூசணமும் பிடிக்கும். வெளுத்துத் திட்டுத்திட்டாக இருப்பது சோடை. விலை குறைவு என்று வாங்கினால் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது.

அடுத்தது பனை. தீவிலும் சாயல்குடிப் பக்கமும் பனைதான் கரும்பு. பதநீர்க் காலம் ஏறத்தாழ பங்குனி முதல் ஆடி வரை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் சுண்ணாம்பும் காப்பாற்றாது. கருப்பட்டி வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உடைத்துப் பாருங்கள்: உள்ளே மங்கலாக, லேசான மணல்வாக்கில் இருக்க வேண்டும். கற்கண்டு போலப் பளிச்சென்று மின்னினால் சீனி கலந்திருக்கிறது. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்புக்கரிப்பும் புகை வாசமும் வர வேண்டும். வெறும் தித்திப்பு மட்டும் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நல்ல கருப்பட்டி கிடைத்தபின் செய்ய வேண்டியது தொதல். கீழக்கரைக்குப் பெயர் வாங்கித் தந்த இனிப்பு. இலங்கை, மலேசியா, இந்தோனேசியா என்று கடல் தாண்டிய ஊர்களிலும் தொதோல் என்ற பெயரில் இருக்கிறது, கப்பலோட்டிய வணிகர்கள் வழியாக வந்த உறவு. அரிசி மாவில் செய்வதும் உண்டு, ஜவ்வரிசியில் செய்வதும் உண்டு. வீட்டில் முதல் முறை என்றால் அரிசி மாவே நல்லது, ஜவ்வரிசி சீக்கிரம் ரப்பராகிவிடும்.

அளவு: பச்சரிசி மாவு 250 கிராம் (நனைத்து இடித்து நைசாகச் சலித்தது), கருப்பட்டி 600 கிராம், பெரிய தேங்காய் 3, முந்திரி 75 கிராம், ஏலக்காய் 6, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயைத் துருவி முதல் பால் அரை லிட்டர், இரண்டாம் மூன்றாம் பால் சேர்த்து ஒன்றே கால் லிட்டர் எடுத்துத் தனித்தனியாக வைக்கவும். கருப்பட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரையவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும், இதைத் தவிர்த்தால் கடைசியில் பல்லில் நறநறக்கும்.

பெரும்பாலோர் சொதப்புவது அடுத்த கட்டத்தில். மாவு, பால், கருப்பட்டி மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இனிப்பு, தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும்; மாவு வேகத் தண்ணீர் கிடைக்காது. இரண்டு மணி நேரம் கிண்டியும் மாவு வாடை போகாமல் இருப்பது இதனால்தான். முதலில் ஆறிய இரண்டாம் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நடுத்தரத் தீயில் கூழாகக் காய்ச்சுங்கள். வெந்த மாவு கண்ணாடி போலக் கொஞ்சம் தெளியும். அதன்பின் கருப்பட்டிக் கரைசல், அது கலந்து கொதித்ததும் முதல் பால், உப்பு. பதநீர்ப் பொங்கல் வைப்பவர்களுக்கும் இதே விதி: அரிசியை முக்கால் பதம் தண்ணீரில் வேகவைத்துவிட்டுப் பதநீரை ஊற்ற வேண்டும், நேரடியாகப் பதநீரில் போட்ட அரிசி விறைத்தே நிற்கும்.

இனிக் கிண்டும் வேலை. அடி கனத்த அகலமான உருளி, தட்டை மரத்துடுப்பு. முதல் அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கிண்டலாம். இறுகத் தொடங்கியபின் கை நிற்கக் கூடாது, தீயையும் குறைத்துவிட வேண்டும். அடி பிடித்த வாசம் வந்தால் சுரண்டாதீர்கள்; மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள், சுரண்டினால் முழுவதும் தீய்ந்த கசப்பு ஏறும். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஓரங்களில் தேங்காய் எண்ணெய் கசியும். பலர் அங்கேயே இறக்கிவிடுவார்கள், அது மூன்றாம் நாள் பூசணம் பூக்கும். இன்னும் கிண்டி, எண்ணெய் குளம்போலத் தேங்கி, மொத்தமும் ஒரே உருண்டையாகத் துடுப்போடு சுழல வேண்டும். ஒரு துளி எடுத்து விரலால் உருட்டினால் ஒட்டக் கூடாது. எண்ணெயைச் சாய்த்து எடுத்துவிட்டு (வீணாக்க வேண்டாம், முந்திரியை அதிலேயே வறுக்கலாம்) முந்திரி, ஏலம் சேர்த்துத் தட்டில் கொட்டி அழுத்தவும். மறுநாள் வெட்டினால்தான் விளிம்பு நேராக வரும். ஈரக்கை படாமல் இருந்தால் இரண்டு வாரம் வெளியிலேயே நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகும்.

நோன்பு மாதத்தில் இந்தக் கரை முழுக்கச் செய்யும் கடற்பாசி என்ற இனிப்பும் எளிது. தீவில் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இதற்கு மூலம், கடையில் வருவது அதிலிருந்து எடுத்த வெள்ளை இழை, சைனா கிராஸ் என்ற பெயரில். பத்து கிராம் இழையை அரை மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் இழையே தெரியாதவரை கொதிக்கவிட்டு வடிகட்டி, 150 கிராம் சீனி, அரை லிட்டர் சூடான பால் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் போதும். நேரடியாகப் பாலில் கொதிக்கவிட்டால் கரைந்ததா என்று தெரியாது, அடியும் பிடிக்கும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அங்கங்கே திரள் கட்டும். ஜெலட்டின் போல இது வெயிலில் உருகாது, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இளகும். ராமநாதபுரம் வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் நோன்பு திறக்க வைத்திருந்தது அதனால்தான்.

நண்டு பற்றி ஒன்று: கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் அப்போதுதான் ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான். செத்து நேரமான நண்டைத் தள்ளுபடி விலையில்கூட வாங்காதீர்கள். சுறா, திருக்கை புட்டுக்கு எடுப்பதானால் முகர்ந்து பாருங்கள். அவற்றின் சதையில் யூரியா உண்டு, நேரமானால் மூத்திர நெடி வரும். எவ்வளவு பூண்டு போட்டாலும் அது மறையாது. கடல் அட்டை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் விலகிப் போய்விடுங்கள், 2001 முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

பனங்கிழங்கு உங்களுக்குக் கிடைக்காது, அது பொங்கலை ஒட்டித்தான். வண்டியில் வழியெல்லாம் விற்கும் மல்லிகை நாற்று தங்கச்சிமடம் மணலில் வேர்விட்டது, களிமண் தோட்டத்தில் வைத்தால் மணல் கலந்து வையுங்கள்.

கடைசியாகக் கருவாடு, பயணத்துக்கு ஏற்றது. நெத்திலி என்றால் ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் கெட்டது. பழுப்பு மஞ்சளாக எண்ணெய் பூத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். மணலில் நேரடியாகக் காயவைத்ததைவிட வலையிலோ பரணிலோ காய்ந்தது மேல். வீட்டில் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, கருவாட்டை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் படிந்த மணல் மறுபடி அதிலேயே சேரும். குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பேருந்தில் வருவதானால் செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு. தொதலையும் கருப்பட்டியையும் அந்தப் பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.