ஒரே பானையை நம்பும் கடை
உணவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் வியட்நாமில் ஹோ சி மின் நகரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலிகள் போட்டிருந்த ஒரு சிறிய நூடுல்ஸ் கடைக்கு எங்களை அழைத்துச் சென்றாள். தகரக் கூரையும் ஒரு மின்விசிறியும் தவிர அங்கே வேறு வசதி எதுவும் இல்லை. வெளிறிய சூப்பில் அரிசி நூடுல்ஸும், பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சைத் தழையும் வந்தன. உப்பும் உறைப்பும் போதவில்லை. கை துடைக்கப் பிரித்த ஈரத்தாளுக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். மகளோ, "அந்தத் தெருவிலேயே அதுதான் நல்ல கடை, அம்மா" என்கிறாள். நான் எதைக் கவனிக்கத் தவறினேன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் சொன்னதை நான் நம்புகிறேன். அந்தக் கடைக்காரர் சமையலில் முக்கால் பங்கை முடித்து உங்கள் முன்னால் வைத்தார். எஞ்சிய கால் பங்கை நீங்கள் செய்வீர்கள் என்று எதிர்பார்த்தார். நீங்களோ அது முடிந்துவிட்ட உணவு என்று எண்ணி அப்படியே சாப்பிட்டு எழுந்துவிட்டீர்கள்.

நீங்கள் சாப்பிட்ட உணவின் பெயரை நம் ஊரில் 'ஃபோ' என்று எழுதுகிறார்கள். வியட்நாமியர் வாயில் அது 'ஃப' என்ற ஒலியை நீட்டி, கேள்வி கேட்பது போல முடிக்கும் ஒரு சொல். மாட்டெலும்பையோ கோழியையோ பல மணி நேரம் சிறுதீயில் வேகவிட்டு, தணலில் சுட்ட இஞ்சியையும் வெங்காயத்தையும் சேர்த்து, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய், தனியா ஆகியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து போட்டு எடுக்கிற சாறுதான் அதன் உயிர். நம் பிரியாணிப் பானையில் விழுகிற சரக்குகளில் பெரும்பாலானவை அதிலும் இருக்கின்றன; அரைத்துக் கரைக்காமல் மணத்தை மட்டும் இறக்கிக்கொள்வதால், நிறத்தைப் பார்த்து 'ஒன்றும் போடவில்லை' என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

சாப்பிடும் முறை இதுதான்: முதலில் எதையும் சேர்க்காமல் இரண்டு கரண்டி சாற்றைக் குடித்துப் பார்க்க வேண்டும். உப்பு போதவில்லையென்றால் மேசையிலுள்ள மீன் சாற்றில் (உப்பிட்டு ஊறவைத்த மீனிலிருந்து வடிக்கும் உப்புச் சாறு) சில துளிகள் விட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, மிளகாய்த் துண்டுகளைப் போட்டு, பாசிப்பயற்று முளையைச் சூட்டில் அமுக்கி, தழைகளைக் கையால் கிள்ளித் தூவ வேண்டும். அந்தத் தழைகளில் ஒன்று நம் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய உறவு என்பதை, முகர்ந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். புட்டிகளில் இருக்கும் இனிப்புக் கருஞ்சாந்தையும் மிளகாய்ச் சாந்தையும் சிறு தட்டில் ஊற்றி, இறைச்சியைத் தொட்டுக்கொள்வது நல்லது. முதல் முறை சென்றபோது நான் இரண்டையும் கிண்ணத்திலேயே கொட்டிக் கலக்கி, ஓர் இரவு முழுவதும் வெந்த சாற்றை இரண்டே நொடிகளில் பாழாக்கினேன். இலைச் சாப்பாட்டில் ரசத்துக்கு எவ்வளவு சோறு, எந்தக் கவளத்துக்கு எந்தக் கூட்டு என்பதையெல்லாம் நாமேதானே தீர்மானிக்கிறோம்? அந்தப் பழக்கத்தை முக்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட வேண்டியதில்லை.

விலை குறைவு என்பதால் தரமும் குறைவு என்று எண்ண வேண்டாம். அங்கே இத்தகைய கடைகளில் ஒரு கிண்ணம் ஏறக்குறைய 50,000 டாங், அதாவது நம் பணத்தில் நூற்றைம்பது முதல் இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் செலவிடாத பணம் எலும்புக்கும் அடுப்புக்கும் போகிறது. ஒரே உணவை மட்டும் விற்பதால் இறைச்சி தேங்குவதில்லை. பானை காலியானால் கடையை மூடிவிடுகிறார்கள். 2023 ஆம் ஆண்டு, உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாக ஹனோய், ஹோ சி மின் நகரங்களைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, குறைந்த விலையில் நல்ல உணவு தரும் இடங்களின் பட்டியலில் இத்தகைய ஃபோ கடைகள் பல இடம்பெற்றன. அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவும் 2016 மே மாதத்தில் ஹனோயில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துதான் 'புன் சா' என்ற மற்றொரு நூடுல்ஸ் உணவைச் சாப்பிட்டார்.

தழைத் தட்டு தெற்கின் வழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம் தின் பகுதிகளில் தோள்கம்பில் அடுப்பும் பானையுமாகச் சுமந்து விற்கப்பட்ட இந்த உணவு, 1954 இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே இடம்பெயர்ந்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடக்கத்தியரோடு சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், பெருகியது. தழையும் முளையும் இனிப்புச் சாந்தும் அங்கேதான் தாராளமாகச் சேர்ந்தன. ஹனோயில் சாப்பிட்டிருந்தால் கிண்ணம் இன்னும் எளிமையாக இருந்திருக்கும், உங்கள் புகார் இன்னும் நீண்டிருக்கும்.

ஈரத்தாளுக்குக் காசு வாங்குவது அங்கே பல கடைகளில் உள்ள வழக்கம். பிரித்தால் கணக்கில் சேரும், பிரிக்காவிட்டால் சேராது. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஃபோ செய்ய ஆசைப்பட்டு, ஐந்து மணி நேரம் எலும்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். சாறு கலங்கலாகவும், அதே சமயம் நீர்த்தும் இருந்தது. மலையில் இருப்பதுதான் காரணமா? நூடுல்ஸுக்குப் பதிலாக இடியாப்பத்தைப் போடலாமா?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: நீர்த்துப்போனதில் மலைக்கும் பங்கு உண்டு, கலங்கியதற்கு நீங்கள் மட்டுமே காரணம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 92 அல்லது 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. சிறுகொதியில் வைத்தால் சூடு இன்னும் குறைவு. எலும்பிலுள்ள பசை இறங்க நேரம் பிடிக்கும். கீழே கோயம்புத்தூரில் ஐந்து மணி நேரம் போதுமென்றால், உங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதை ஈடுகட்டத் தீயைக் கூட்டினீர்கள் போலும். கொதி கூடினால் சூடு கூடுவதில்லை, கொழுப்பும் நுரையும் சாற்றோடு கலந்துவிடுவதுதான் மிச்சம். முதலில் எலும்பைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவிக்கொள்ளுங்கள். பிறகு குக்கரில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விட்டால், சாறு தெளிவாகவும் அடர்த்தியாகவும் கிடைக்கும்.

மெல்லிய பச்சை இறைச்சித் துண்டுகளின் மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி வேகவைக்கிற அந்த ஊர் வழக்கத்தை மார்கழிக் குளிரில் முயல வேண்டாம். உங்கள் கிண்ணம் அதற்குள் ஆறிவிடும்; துண்டுகளைப் பானையிலேயே முழுதாக வேகவைத்து எடுங்கள், கிண்ணத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடியாப்பம் பாயாவுக்கு ஏற்றது, ஏனென்றால் பாயாவில் நாம் அதைப் பிய்த்து ஊறவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். ஃபோவில் அது கரைந்து கூழாகிவிடும். கடையில் கிடைக்கும் உலர்ந்த பட்டை அரிசி நூடுல்ஸை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பரிமாறும்போது கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும்.

கேள்வி: நான் சைவம். வியட்நாம் செல்லவிருக்கிறேன். இத்தகைய கடைகளில் எனக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: 'சாய்' என்ற சொல்லைப் பலகையில் தேடுங்கள், சைவ உணவு என்று பொருள். பௌத்தர்கள் பலர் சந்திரமாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் கடைப்பிடிப்பதால், நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தேடல் எளிதாகும். சாதாரணக் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியைத்தான் எடுப்பார்கள், எலும்புச் சாறும் மீன் சாறும் அப்படியே இருக்கும். 'போ' என்றால் மாடு, 'கா' என்றால் கோழி. 'தாய்' என்றால் அரைவேக்காட்டு இறைச்சி. தமிழ்ச் செவிக்கு இது சற்றுச் சங்கடமான சொல்தான்.

சைவச் சாற்றுக்கு அவர்கள் முள்ளங்கி, கேரட், காளான் போன்றவற்றை வேகவைக்கிறார்கள். இவை மூன்றும் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே கிடைப்பதால், பயணத்துக்கு முன் வீட்டில் ஒரு முறை செய்து பழகிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் ஃபோவும் ஒன்றுதானா?
– வாகன ஓட்டுநர், கொடைக்கானல்

பதில்: இல்லை. துக்பாவுக்குப் பெரும்பாலும் கோதுமை நூடுல்ஸ், ஃபோவுக்கு அரிசி நூடுல்ஸ். துக்பா குளிர்நாட்டின் கெட்டியான சாப்பாடு. காய்கறியும் இறைச்சியும் நூடுல்ஸும் சாற்றிலேயே வெந்து ஒன்றாக வரும். ஃபோவில் சாறு தனியாகவும் நூடுல்ஸ் தனியாகவும் தயாராகி, கிண்ணத்தில்தான் முதன்முறையாகச் சந்திக்கின்றன. இரவில் மலையேறி வந்த பசிக்கு நானும் உங்களைப் போல் துக்பாவையே கேட்பேன்.