ரயிலின் ‘தடக் தடக்’ எங்கே போனது?

கேள்வி: முன்பெல்லாம் ரயிலில் கேட்ட ‘தடக் தடக்’ சத்தம் இப்போது ஏன் கேட்பதில்லை? எல்.எச்.பி. எனும் புதுவகைப் பெட்டிகள் வந்ததுதான் காரணமா? வட சென்னைப் பக்கம் இன்னும் எங்கேயாவது கேட்க முடியுமா?

பழியைப் பெட்டி மேல் போடுவதற்கு முன் தண்டவாளத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்தத் தாளம் பிறந்த இடம் அதுதான்.

நம் அகலப் பாதையில் தண்டவாளத் துண்டின் வழக்கமான நீளம் 13 மீட்டர். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஃபிஷ் பிளேட் எனும் எஃகுப் பட்டை வைத்து போல்ட் முடுக்குவார்கள். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 13 மீட்டர் எஃகு சுமார் 4.5 மில்லிமீட்டர் நீளும். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது ஒரு ‘தட்’. நாம் பெட்டியையே ‘போகி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பெட்டிக்கு அடியில் இருக்கும் நான்கு சக்கர வண்டிதான் போகி. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் போகியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.896 மீட்டர். அதனால்தான் அது ஒற்றைத் தட்டாக இல்லாமல் ‘தடக்-தடக்’ என்று ஜோடியாக வந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜோடிக்குள் இடைவெளி சுமார் 0.17 விநாடி, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் 0.78 விநாடி.

ஜன்னலோரம் உட்கார்ந்து வேகத்தைக் கண்டுபிடித்ததும் இதை வைத்துத்தான். 47 விநாடிக்குள் உங்களுக்குக் கீழே இருக்கும் போகி எத்தனை ஜோடி தட்டியதோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டரில் போகிறது. மூன்று துண்டுகளை ஒன்றாகப் பற்றவைத்த பாதையாக இருந்தால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காதுக்கு இனிமையாக இருந்த அந்த இடம்தான் பாதையிலேயே பலவீனமான இடம். ஒவ்வொரு சக்கரமும் அங்கே அடித்து அடித்துத் தண்டவாளத்தின் நுனி நசுங்கும். போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அடியில் உள்ள ஜல்லி பொடிப்பொடியாகி, மழையில் சேறாகி, இணைப்பே தாழ்ந்துவிடும். தாழ்ந்தால் அடி இன்னும் பலமாக விழும், மேலும் தாழும். பாதையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கீமேன் தினமும் ஸ்பேனரும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து முடுக்கியதால்தான் நாம் மேலே படுத்து நிம்மதியாகத் தூங்கினோம். இந்தச் சத்தத்தை ரசிக்கிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.

இப்போது தண்டவாளங்கள் தொழிற்சாலையிலிருந்தே 260 மீட்டர் நீளத் துண்டுகளாக வருகின்றன. அவற்றை இடத்தில் வைத்து இணைப்பதற்குப் பெரும்பாலும் தெர்மிட் முறை: சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றி வார்ப்பு அச்சு கட்டி, முனைகளைச் சூடேற்றி, அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் எரிந்து உருகிய எஃகை ஊற்றுவார்கள். ஆறியதும் புடைப்பை வெட்டி, மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அந்தத் தேய்ப்பு சரியில்லை என்றால் அங்கே மெலிதாக ஒரு ‘டப்’ கேட்கும்.

அப்படியானால் வெயிலில் நீளாதா? கட்டி வைக்காவிட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரிக்கு ஓர் அடிக்கும் மேல் நீளும். அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டை, இறுக்கிப் பிடிக்கும் கிளிப், தோள் வரை நிரப்பிய ஜல்லி எல்லாம் சேர்ந்து அதை அசையவிடாமல் பிடிக்கின்றன. இரண்டு கோடிகளில் மட்டும்தான் கொஞ்சம் நகரும். ஜல்லி குறைந்தால் கோடை மதியத்தில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். குளிர்ந்த இரவில் இதற்கு நேர்மாறு: இழுவை தாங்காமல் முறியக்கூடும்.

எல்.எச்.பி.க்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று சுவிஸ் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. அந்தப் பழைய வகையில் கடைசிப் பெட்டி 2018இல் வெளியே வந்தது. அதில் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்தையே பிடிக்கும். நிற்கும்போது வரும் கிறீச்சும் சுட்ட இரும்பு வாசனையும் அதனால்தான். எல்.எச்.பி.யில் அச்சில் மாட்டிய டிஸ்க் பிரேக். ஓட்டமும் மென்மை, சத்தமும் குறைவு. ஆனால் அதே எல்.எச்.பி.யைப் பழைய ஃபிஷ் பிளேட் பாதையில் ஓட்டினால் தடக் தடக் கேட்கத்தான் செய்யும்.

ஓர் எச்சரிக்கை. வேகமாக, இடைவிடாமல் ‘டொக்டொக்டொக்’ என்று கேட்டால் அது இணைப்பின் சத்தம் இல்லை. பிரேக் பிடித்தபடியே இழுபட்டுச் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது என்று பொருள். 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதுச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.87 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு கிட்டத்தட்ட 6 தட்டு. அது தண்டவாளத்தையே பதம் பார்க்கும். டி.டி.இ.யிடமோ அடுத்த ஸ்டேஷனிலோ பெட்டி எண்ணோடு சொல்லிவிடுங்கள்.

இனி வட சென்னை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் வண்டி போனபோதும், 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோதும், வழி முழுக்க இந்தத் தாளம்தான். இன்று அது மிச்சமிருப்பது பாதைகள் பிரிகிற இடங்களில். சென்ட்ரலிலிருந்து கிளம்பியதும் பேசின் பிரிட்ஜ் வரைதான் நல்ல விருந்து. மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர். வடக்கே கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. நடுவே பராமரிப்பு யார்டுக்குப் போகும் தடங்கள். ஒரு தண்டவாளம் இன்னொன்றை வெட்டும் இடத்தில், சக்கரத்தின் விளிம்பு நுழைந்துபோக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். சக்கரம் அதைத் தாண்டிக் குதிக்கும். இணைப்பைவிடக் கனமான, ஒழுங்கில்லாத சத்தம்: ‘கடக்… தடதட… கடக்’.

கேட்க ஆசை இருந்தால் ஏசி வேண்டாம், ஸ்லீப்பர் வகுப்பே போதும். போகி இருப்பது பெட்டியின் இரு கோடிகளில். அதனால் 1 முதல் 8 வரையோ, பழைய பெட்டியில் 65 முதல் 72 வரையோ, எல்.எச்.பி.யில் 73 முதல் 80 வரையோ உள்ள இடங்கள். தூங்க வேண்டும் என்றால் 33 முதல் 40 வரை கேளுங்கள்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம் என்றால் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் சத்தம் குறைந்து வெறும் ‘உஸ்ஸ்’ ஆகும். அந்த அமைதிக்கு நடுவே திடீரென்று ஒரே ஒரு ‘தடக்’ கேட்டால் வெளியே பாருங்கள், அநேகமாக ஒரு சிக்னல் கம்பம் நிற்கும். வண்டி எங்கே இருக்கிறது என்று சிக்னலுக்குத் தெரிய, தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தை அந்த இடத்தில் ஓர் இணைப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.