கேலக்ஸி பார்க்க 10,000 ரூபாய்க்குள் முதல் டெலஸ்கோப்: "525 மடங்கு" என்று போட்டிருப்பதை வாங்கலாமா?

வேண்டாம்.

அந்த 525 மட்டும் கேள்வியில் இல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் பார்க்க ஆசை, கையில் பத்தாயிரம் இருக்கிறது, இணையக் கடையில் 525 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் ஒன்று அதற்குள் வருகிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 தீபாவளி போனஸில் நான் விழுந்த அதே கிணறு. அட்டைப்பெட்டியின் மேல் ஊதாவும் ஆரஞ்சுமாகச் சுழன்றுகொண்டு ஒரு கேலக்ஸி படம் இருக்குமே, அதுவும் இருந்தது.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவன். கேலக்ஸிக்குப் பேரடை என்று நல்ல தமிழ்ச் சொல் இருப்பது தெரியும். வாயில் வருவது கேலக்ஸிதான், அதையே எழுதுகிறேன். அதைத் திருத்த யாரும் கமெண்டுக்கு வர வேண்டாம்.

நீங்களும் நகரத்தில் ஏதோ ஒரு அபார்ட்மென்டில் இருப்பீர்கள், மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான். பெட்டி வந்து சேர்ந்தபோது ஐப்பசி மழை. ஆண்ட்ரோமெடா ராத்திரியில் நம் வானத்தில் உயர ஏறி நிற்கிற மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை என்பதை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் சொல்வதில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வானம் வெளுத்தது. மனைவி, மகள், பக்கத்து வீட்டுக்காரர், அவர் மாமியார் என்று ஒரு கூட்டத்தையே மாடிக்கு ஏற்றிவிட்டேன். பெட்டியில் இருந்ததிலேயே பெரிதாகக் காட்டும் கண் லென்ஸைப் போட்டு, செல்போன் ஆப் காட்டிய திசையில் திருப்பினேன். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஸ்டாண்டைத் தொட்டால் வட்டம் ஆடியது, தொடாவிட்டாலும் ஆடியது. மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, மூடியக் கழட்டினீங்களா?" என்றாள். பக்கத்து வீட்டு மாமியார் மட்டும் மரியாதைக்கு "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த வாரமே அது பரணுக்குப் போய்விட்டது.

525 எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் கண் லென்ஸ் போட்டால் 700-ஐ 4-ஆல் வகுத்து 175 மடங்கு. அதோடு மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. கணக்கு சரிதான், பொய் இல்லை. ஆனால் முன்பக்க லென்ஸின் அகலம் 60 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 120. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், தெளிவு கூடாது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ஆண்ட்ரோமெடா சின்னதாக இருப்பதால் நமக்குத் தெரியாமல் இல்லை. முழு நிலாவை ஆறு தடவை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளம் அது வானத்தில் கிடக்கிறது. மங்கலாக இருப்பதுதான் சிக்கல். அதைப் பெரிதாக்கினால் ஒரு டம்ளர் பாலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிய கதை. இருக்கிற வெளிச்சமும் பரவி நீர்த்துப்போகும். கேலக்ஸிக்குக் குறைந்த மடங்குதான் சரி, அகலமான கண்ணாடிதான் சரி, எல்லாவற்றுக்கும் மேல் இருட்டுதான் சரி.

இருட்டு என்றால் என்ன என்று 2018 பொங்கலுக்குத்தான் பார்த்தேன். மாமனார் ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, சுற்றிலும் மேடு பள்ளமே கிடையாது. அந்தப் பொங்கல் அமாவாசையை ஒட்டி வந்தது. மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி ஏழரை மணி இருக்கும், கரண்ட் போனது. மச்சான் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது கொண்டுவந்த 7×50 பைனாகுலர் (ஏழு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம்) ஒன்று வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்தேன்.

தேடுகிற வழியைச் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஆப் வேண்டாம். பூரட்டாதி இரண்டு நட்சத்திரம், உத்திரட்டாதி இரண்டு நட்சத்திரம், நாலும் சேர்ந்தால் ஒரு பெரிய சதுரம். பஞ்சாங்கத்தில் படித்த பெயர்கள்தான். உத்திரட்டாதியில் வடக்கே இருக்கும் நட்சத்திரத்திலிருந்து வெளியே ஒரு வரிசை போகும். அதில் இரண்டாவதாக வருவது மிராக், லேசாகச் சிவந்திருக்கும். அங்கே நின்று வடக்கே, W எழுத்து மாதிரி காசியோப்பியா நட்சத்திரக் கூட்டம் இருக்கும் பக்கம் திரும்பி, மங்கலான இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டுங்கள். இரண்டாவது நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இருந்தது. நீள்வட்டமாக ஒரு வெள்ளைப் பூச்சு. நேராக முறைத்தால் சுருங்கியது, கண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் வளர்ந்தது. மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் நம் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை, சுற்றியே இருக்கின்றன. அதனால் இந்த விளையாட்டு.

மாமனார் பின்னாலேயே வந்துவிட்டார். "என்னத்த மாப்ள இம்புட்டு நேரமாப் பாக்குறீக?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வெத்தலைக்குத் தடவுன சுண்ணாம்பச் செவத்துல இழுவுன மாதிரி ஒண்ணு கெடக்கு, அதா?"

"அதேதான் மாமா. நம்ம சூரியன் மாதிரி பல ஆயிரம் கோடி இருக்கு அதுக்குள்ள."

"சரி," என்றார். அப்புறம் பைனாகுலரைத் தெற்கே திருப்பி, காற்றாலை உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உங்களுக்கும் அந்தச் சுண்ணாம்புதான் தெரியும் என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊதா வராது, சுருள் வராது. படங்களில் வருவது கேமரா மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதால். நம் கண்ணுக்கு அப்படிச் சேர்க்கத் தெரியாது. அந்தப் பூச்சு நாம் இருக்கும் கேலக்ஸியான பால்வழிக்குள் இருக்கும் ஏதோ புகைமூட்டமா, தனி ஊரா என்று பெரியவர்களே அடித்துக்கொண்டு, 1923-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்து 100 இன்ச் டெலஸ்கோப்பில் எட்வின் ஹபிள் அதற்குள் துடிக்கிற நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்ட பிறகுதான் சண்டை ஓய்ந்தது. இன்றைய கணக்கில் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. இவ்வளவும் தெரிந்துகொண்டு பார்த்தால் சுண்ணாம்பு போதும். தெரியாமல் பார்த்தால் காற்றாலைதான் மேல், மாமனாரைக் குறை சொல்ல முடியாது.

டெலஸ்கோப்புக்கு வருகிறேன். 2019-இல் பழையது ஒன்றை 25,000 கொடுத்து வாங்கினேன், 6 இன்ச் டாப்சோனியன். அடியில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் பீரங்கி மாதிரி குழாய், உள்ளே குழியாடி. முக்காலி இல்லை, மோட்டார் இல்லை, கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். என் பழைய 60 மில்லிமீட்டரைவிட ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம் அள்ளும். இதை உருவாக்கிய ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில், அதாவது நம் ராமகிருஷ்ண மடத்தின் கிளையில், துறவியாக இருந்தவர். கிடைத்த கண்ணாடியைக் கையால் தேய்த்து டெலஸ்கோப் செய்து தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். 1967-இல் மடத்தைவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அது வேறு கதை.

புத்தகங்கள் ஆண்ட்ரோமெடா முடிந்ததும் எம் 81, எம் 82 என்ற கேலக்ஸிகளைப் பார் என்று சொல்லும். ஐரோப்பாவில் அது தலைக்கு மேல். மதுரையில் சுமார் 30 டிகிரிக்கு மேல் ஏறாது, அந்த உயரத்தில் நகர வெளிச்சமும் தூசியும்தான். நமக்கு வேறு சொத்து இருக்கிறது. மார்கழியில் மழை விட்டதும் தெற்கே என்ஜிசி 253 என்ற கேலக்ஸியைப் பாருங்கள், நீளமான ஊசி மாதிரி. சித்திரை மாதம் ராத்திரி பத்துக்கு மேல் சித்திரை நட்சத்திரத்துக்கும் அஸ்தத்துக்கும் இடையில், அஸ்தத்தை ஒட்டி எம் 104. அதன் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும் என்பார்கள். எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்துக் குட்டிக் கேலக்ஸிகூட நம் தென்மாவட்டங்களில் எழும். தை மாதம் பத்து மணிவாக்கில் அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, அடிவானத்திலிருந்து பத்துப் பதினோரு டிகிரியில். வடக்கே இருக்கிறவர்களுக்கு அது கிடையவே கிடையாது.

ஆனால் இதில் ஒன்றையும் நான் மதுரை மாடியில் பார்க்கவில்லை. 6 இன்ச்சை வைத்துக்கொண்டு மாடியில் பார்த்த ஆண்ட்ரோமெடாவைவிட, கரிசலில் மச்சான் பைனாகுலரில் பார்த்தது பெரிது.

மாடியும் இப்போது இல்லை. நான் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு எதிர் பிளாக்கில் பெண்கள் இருக்கும் வீட்டைப் பார்க்கிறேன் என்று யாரோ அபார்ட்மென்ட் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். ஐம்பது வயது மனுஷன், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்றுகூட மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு. மாதம் 1,800 ரூபாய் மெயின்டெனன்ஸ் வாங்குகிறார்கள், லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை, மோட்டார் காயில் வருடத்துக்கு இரண்டு முறை எரிகிறது, கணக்குக் கேட்டால் செயலாளருக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது. அவர் வீட்டு வடகம் மட்டும் மாடியில் காயும். கணக்கு எழுதுகிறவனிடமே கணக்குக் காட்ட மாட்டேன் என்கிறார். சரி, விடுங்கள்.

பத்தாயிரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், சுமாரான விலையில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணத்தைப் பஸ்ஸுக்கு வையுங்கள். அமாவாசையை ஒட்டி ஏதாவது சொந்தக்காரர் கிராமத்துக்குப் போய், போனை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் உட்காருங்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்த பிறகும் ஆசை இருந்தால் காசு சேர்த்து 6 இன்ச், முடிந்தால் 8 இன்ச் டாப்சோனியன். காவலூர் வான் ஆய்வகம் ஜவ்வாது மலையில் இருக்கிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பை நேரில் பார்த்துவிட்டு வரலாம். பொதுமக்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

செல்போனிலேயே படம் சேர்த்துக் காட்டும் ஸ்மார்ட் டெலஸ்கோப் இருக்கிறதே என்று சிலர் வருவீர்கள். நல்ல சாமான்தான், நகரத்திலும் வேலை செய்யும். ஆனால் அதில் பார்ப்பது திரையை, எனக்கு அது ஒட்டவில்லை. அப்போ சின்ன டெலஸ்கோப் எல்லாம் குப்பையா என்று வேறு சிலர் வருவீர்கள். அப்படிச் சொல்லவில்லை. என் 60 மில்லிமீட்டரைப் பரணிலிருந்து இறக்கி, பார்லோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, குறைந்த மடங்கில் மகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்டினேன். துளியூண்டு, ஆனால் வளையம்தான். அவள் அன்றைக்கு அட்டைப்பெட்டிப் படத்தைக் கேட்கவில்லை.

அதுவும் பால்கனியிலிருந்துதான் காட்டினேன். மாடிச் சாவி இன்னும் செயலாளரிடம்தான் இருக்கிறது.