தோளை நீவிவிட்டால் கைப்பிடி இறுகுமா?

கேள்வி: என் வயது 52. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு மாதமாக வலது தோள்பட்டையில் வலி. கத்தரியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். பிசியோதெரபியில் தோள் தசைகளை அழுத்தி நீவிவிடுகிறார்கள். இரண்டு நாள் கை நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடிதான். தோளை நீவினால் கைக்கு வலு வருமா? தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் அந்த இரண்டு நாளை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இடது கையை வலது தோளுக்கு மேலாகப் போட்டு, முதுகுப்புறத் தட்டெலும்பின் மேல் விளிம்பில் விரல்களை வையுங்கள். இப்போது வலது முஷ்டியை மெல்ல இறுக்குங்கள். பிறகு முழு பலத்தோடு இறுக்குங்கள். விரல்களுக்கு அடியில் தசை விறைப்பது தெரிகிறதா? விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. ஆனாலும் எதையாவது இறுகப் பற்றும்போது, தோள்மூட்டு குழியைவிட்டு நகராமல் காக்க ‘ரொட்டேட்டர் கஃப்’ என்னும் தோள் தசைகளும் கூடவே இறுகுகின்றன. அங்கே வலி இருந்தால் உடம்பு தயங்கி, கைக்கு முழு பலத்தையும் விடுவதில்லை. நீவியவுடன் பிடி திரும்பிவிடுகிறது என்றால், கை தேய்ந்துபோகவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

“முடிச்சை உடைக்கிறோம்” என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கட்டைவிரலால் உடைக்கும்படி அங்கே எதுவும் இல்லை. அழுத்தமும் நிதானமான நீவலும் வலியைச் சில மணி நேரமோ சில நாளோ தணிக்கின்றன, அவ்வளவுதான். அந்த இடைவெளியில், ஏற்கெனவே இருந்த வலுவைக் கை காட்டுகிறது. புதிய வலுவைச் சேர்ப்பது சுமை கொடுக்கும் பயிற்சி மட்டுமே.

ஆகவே நீவிவிட்ட அன்றே தொடங்குங்கள். வலது பக்கம் சுவரை ஒட்டி நின்று, முழங்கையை 90 பாகை மடக்கி, விலாவுக்கும் கைக்கும் இடையே மடித்த துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். புறங்கையால் சுவரை 10 நொடி அழுத்துங்கள், 5 முறை. அதே நிலையில் சுருட்டிய துணியை இறுகப் பிடித்துப் பிழியுங்கள். ஓரிரு வாரத்தில் கையைக் கொஞ்சம் முன்னே நீட்டிப் பிழியலாம். லேசாக வலித்தால் பரவாயில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். வலு கூடியது தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

டைனமோமீட்டர் கருவியில் பிடியை அளக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மூன்று முறை அழுத்திச் சராசரி எடுப்பார்கள். நீவியவுடன் வரும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பல வாரம் கழித்து, நீவுவதற்கு முன்பு வரும் எண்தான் உண்மையைச் சொல்லும்.

முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும்போதும் பிடி தளர்கிறதா, விரல்கள் மரத்துப்போகின்றனவா, பொருள்கள் கைநழுவி விழுகின்றனவா, கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நீவுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுத்திலோ மணிக்கட்டிலோ நரம்பு அழுந்தியிருக்கலாம். வேறொருவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்புறமாகத் திரும்பவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கக்கூடும். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. இதுவரை சர்க்கரை பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அழுத்தி நீவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துணி வெட்டுவது தரையில் உட்கார்ந்தா, மேசையிலா? கையை நீட்டி எட்டி வெட்டும்போது தோளும் பிடியும் ஒரே நேரத்தில் பாரம் சுமக்கின்றன. இடுப்பளவு உயர மேசையில் துணியை விரித்து, அதைச் சுற்றி நடந்து வந்து வெட்டுங்கள். முழங்கை உடம்பை விட்டு விலக வேண்டாம்.