"பெண்மை கண்டும் காயலாமோ வெண்ணிலாவே" பாட்டின் கதை என்ன? பெண்கள் மேடையில் பாடலாமா?

தாராளமாகப் பாடலாம். யாரோ ஏதோ சொல்லித்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இது குற்றாலக் குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தில் வருகிறது. எழுதியவர் தென்காசிப் பக்கம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலத்துச் சிவனான குற்றாலநாதர் உலா வருகிறார், பந்தடித்துக்கொண்டிருந்த நாயகி வசந்தவல்லி பார்க்கிறாள், அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிடுகிறது. ராத்திரி நிலா வெளிச்சம்கூட உடம்பைச் சுடுகிறது. பாற்கடலைக் கடைந்தபோது லட்சுமியோடுதானே பிறந்தாய், பெண்ணோடு பிறந்த நீயே ஒரு பெண்ணை இப்படிக் காயலாமா என்று நிலாவிடம் சண்டைக்குப் போகிறாள். அப்புறம் தோழியைத் தூது விடுகிறாள்: வரச் சொல், வராவிட்டால் மாலையாவது தரச் சொல், அதுவும் இல்லையா, என் நெஞ்சைத் தரச் சொல்!

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஆச்சி. மடியில் பீடித்தட்டு, வாயில் இந்தப் பாட்டு. இலையைச் சுருட்டுகிற வேகம்தான் தாளம். கல்லூரி முதல் வருஷ விழாவில் பாடினேன். நடுவராக வந்தவர் மைக்கிலேயே, "பொம்பளப் பிள்ள பாடுற பாட்டாம்மா இது?" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். "ஏளா, சாமிய நெனச்சுப் பாடுனது, அவருக்கு எங்க நோவுதாம்?" என்றாள் ஆச்சி. 1944-இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி தன் நடனப் பள்ளியான கலாக்ஷேத்திராவில் மேடையேற்றியதும் இதே குறவஞ்சிதான், அதை அன்றைக்கு அந்த நடுவரிடம் சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

இது ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுவது என்று விளக்கம் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கும் பக்தி உண்டு. ஆனால் உடம்பு காய்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்லும்போது அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இதையும் சொல்லாமல் முடியாது. பகலெல்லாம் குனிந்து சுற்றிக் கொண்டுபோன பீடிக் கட்டுகளில் பாதியை, சரியில்லை என்று கடையில் கழித்துப் போடுவார்கள். கழித்ததைத் திருப்பியும் தரமாட்டார்கள். கூலியும் கிடையாது. நாற்பது வருஷம் அப்படித்தான் சுற்றினாள்.

சரி, பாடும்போது ஒன்று மட்டும். "காயலாமோ" என்ற இடத்தில் கூச்சப்பட்டுக் குரலை இறக்கிவிடாதீர்கள். ஆச்சி அங்கேதான் ஏற்றுவாள்.