'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா!'

குழந்தை நல மருத்துவர் பதில்கள்

கே: என் மகளுக்கு 9 வயது. மாநிறத்துக்கும் ஒரு படி கம்மி. போன மாதம் கல்யாண வீட்டில் என் பெரிய நாத்தனார் அவள் தாடையைப் பிடித்து, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்றார். அன்றிலிருந்து சிவப்பழகு கிரீம் கேட்டு அடம்பிடிக்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, விருதுநகர்

ப: நாத்தனார் பாராட்டியதாகத்தான் நினைத்திருப்பார். பிள்ளை காதில் விழுந்தது 'இருந்தாலும்' மட்டும்தான். அங்கேயே, அவள் காதுபட, பதில் வந்திருக்க வேண்டும். "அதென்ன மதினி, இருந்தாலும்? எங்க அம்மா நிறம் அப்படியே வந்திருக்கு இவளுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், சண்டை வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் "அத்தை சும்மா சொன்னாங்க, விடு" என்பதெல்லாம் எடுபடாது.

கிரீம் வேண்டாம். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் கிளம்பும், முகத்தில் முடிகூட வளரும். 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் வாயை விட்டுத்தான் அது போக மாட்டேன் என்கிறது.

கே: 10 வயதுப் பையன், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான். பின்கழுத்து கறுத்துக் கிடக்கிறது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ப: தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. எடை கூடிய பிள்ளைகளின் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்து, அக்குள் தோல் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுக்கும். மருத்துவரிடம் காட்டி, ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். "ஒழுங்கா குளிக்கிறியா இல்லையா" என்று திட்டியிருந்தால் அவனிடம் ஒரு ஸாரி சொல்லிவிடுங்கள்.

கே: 13 வயது மகன் நீச்சல் வகுப்புக்குப் போக மறுக்கிறான். மார்பு லேசாகப் புடைத்திருக்கிறது, பையன்கள் கேலி செய்கிறார்களாம். "ஆம்பளப் புள்ள, இதுக்கெல்லாமா அழுவ" என்கிறார் அவன் அப்பா.

ப: பருவம் எட்டும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும். ஹார்மோன் ஏற்ற இறக்கம்தான் காரணம். காம்புக்குப் பின்னால் சின்ன வட்டமாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே வடிந்துவிடும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டால் உங்கள் கவலையும் தீரும். அதுவரை டி-ஷர்ட் போன்ற நீச்சல் உடை போட்டுக்கொள்ளட்டும். "எங்க கிளாஸ்லயும் பாதிப் பயலுக்கு இருந்திருக்கும்டா, யாரும் வெளிய சொல்லல" என்று அவன் அப்பா சொன்னால், நான் சொல்வதைவிட நன்றாக ஏறும்.

கே: 7 வயது மகள் சோறு வேண்டாம், தொப்பை விழும் என்கிறாள். நான் டயட்டில் இருக்கிறேன்தான். ஆனால் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ப: அவளைச் சொல்லியிருக்க மாட்டீர்கள், உங்களைச் சொல்லியிருப்பீர்கள். பீரோ கண்ணாடி முன் நின்று, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராமல், "ச்சே, பன்னி மாதிரி ஆயிட்டேன்" என்கிறோமே, அப்போது கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பது யார்? எல்லாரும் அவளைப் பார்த்து "அப்படியே அம்மா ஜாடை" என்கிறார்கள். உங்கள் உடம்பு அசிங்கமென்றால் தன்னுடையதும் அப்படித்தான் என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள்.

டயட்டை விடச் சொல்லவில்லை. அளவு குறைந்தாலும் அவளோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள். அவள் எதிரில் எடை பார்க்காதீர்கள். எடை குறைந்தாலோ, சாப்பாட்டை ஒளித்து வைத்தாலோ, சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டாலோ காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை கொக்கி மாட்டவில்லையென்றால், "ஜாக்கெட்ட டைலர்கிட்ட பிரிக்கக் குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.